‘எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?’

“அம்மா, அந்தக் கதவுக் கைப்பிடியைத் தொட்டுட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

“ஆகாதுடா.”

“நிஜமாவா?”

“நிஜமாத்தான்.”

“வாந்தி வராதுல்ல?”

“வராது.”

மொத்தம் பத்து விநாடி. பிள்ளையின் முகம் தெளிந்துவிடுகிறது, அம்மா விட்ட வேலைக்குத் திரும்பிவிடுகிறாள். ஐந்து நிமிடத்தில் அதே கேள்வி வேறு உருவில் வருகிறது: “ரெண்டு கையாலயும் தொட்டேன்னு சொன்னேனா? நீ சரியாக் கேட்டியா?” கிருமி பயம் பிடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு ஒரு நாளில் நாற்பது ஐம்பது தடவைகூட நடக்கும். முதலில் அன்பாகப் பதில் சொல்வோம், பிறகு அலுத்துப்போய்ச் சொல்வோம், கடைசியில் எரிந்து விழுவோம். எப்படிச் சொன்னாலும் விளைவு ஒன்றுதான். அந்தப் பதிலும் ஒரு வகைச் சோப்புதான். குழாயடியில் இருப்பது கையைக் கழுவுகிறது, இது சந்தேகத்தைக் கழுவுகிறது. இரண்டுமே சில நிமிடத்துக்கு மேல் தாங்குவதில்லை, இரண்டுமே அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படுகின்றன.

மருத்துவர்கள் இதை ஓசிடி என்பார்கள். தமிழில் எண்ணச் சுழற்சி நோய். கூப்பிடாமலே வந்து, விரட்டினாலும் போகாமல் நிற்கும் எண்ணம் அதில் ஒரு பாதி. அது கிளப்பும் பதற்றத்தை அடக்கச் செய்யும் செயல் மறுபாதி: கழுவுவது, துடைப்பது, உடை மாற்றுவது, கேட்பது, மனசுக்குள் எண்ணுவது. இந்த மறுபாதியைத்தான் இங்கே சடங்கு என்று சொல்லப்போகிறேன். இரண்டும் சேர்ந்து நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்கின்றனவா, அல்லது படிப்பு, தூக்கம், சாப்பாடு, நட்பு இவற்றில் எதையாவது கெடுக்கின்றனவா என்பதுதான் நோயா இல்லையா என்று பார்க்கும் அளவுகோல். சுத்தம் பிடித்த பிள்ளை கையைக் கழுவிவிட்டு அதை மறந்துவிடும். நோய் பிடித்த பிள்ளை கழுவி முடித்த பிறகும் குழாயடியை விட்டு நகராது.

அந்தக் குழாயடியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் புரியும். பத்து வயதுப் பையன் குழாயை முழங்கையால் திறக்கிறான். சோப்புப் புட்டியின் தலையைப் புறங்கையால் மூன்று முறை அழுத்துகிறான். கட்டை விரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரை, வாய்க்குள் எண்ணியபடி தேய்க்கிறான். நான்காவது விரலில் கை தொட்டியின் விளிம்பில் பட்டுவிடுகிறது. முதலிலிருந்து. அக்கா வெளியிலிருந்து கூப்பிடுகிறாள், எண்ணிக்கை தவறுகிறது. மறுபடி முதலிலிருந்து. ‘இப்போ சரி’ என்ற உணர்வு வந்தால்தான் நிறுத்த முடியும், அது வரமாட்டேன் என்கிறது. ஒருவழியாக முடித்து, ஈரக் கைகளை நெஞ்சுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தபடி எதிலும் படாமல் பக்கவாட்டில் நடந்து வருகிறான். அறைக் கதவை வேறு யாராவது திறந்துவிட வேண்டும். இருபது விநாடி வேலைக்கு இருபது நிமிடம் போயிருக்கிறது. அவன் அழுக்கைப் பார்த்துக் கழுவவில்லை. நிச்சயம் தேடிக் கழுவுகிறான். அழுக்கு போய்விடும், நிச்சயம் கிடைக்காது. அதனால்தான் ‘கை சுத்தமாத்தானே இருக்கு, பார்’ என்று எவ்வளவு காட்டினாலும் எடுபடுவதில்லை.

எல்லாப் பிள்ளைகளும் இப்படி வெளிப்படையாகக் கழுவுவதில்லை. பள்ளிக் கழிவறைக்குப் போகக் கூடாது என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் உண்டு. சட்டைக் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டு பொருள்களை எடுப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் பை ஒரு மூலை, உடை ஒரு மூலை, பிறகு ஒரு மணி நேரக் குளியல். தன் படுக்கையில் தங்கை உட்காரக் கூடாது. ‘வாந்தி’ என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. பதின்ம வயதில் இது கைப்பேசிக்குள் போய் ஒளிந்துகொள்ளும்: ராத்திரி ஒரு மணிக்கு நோய் அறிகுறிகளைத் தேடிப் படிப்பது, நாளில் பலமுறை காய்ச்சல் பார்ப்பது, கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று தடவித் தடவி அந்த இடத்தையே வீங்க வைப்பது. சோப்பும் காகிதத் துண்டும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்தால், புறங்கையும் விரல் கணுக்களும் சிவந்து வெடித்திருந்தால், திட்டுவதற்கு முன் உட்கார்ந்து பேச வேண்டும்.

பேசும்போது முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பயம் எதைப் பற்றியது என்பது. “கழுவாம விட்டா என்ன ஆகும்னு உன் மனசு சொல்லுது?” என்று கேளுங்கள். ஒரு பிள்ளை, ‘நான் செத்துப்போயிடுவேன்’ என்று சொல்லும். இன்னொன்று, ‘என்னால பாப்பாவுக்கு நோய் வந்துடும்’ என்று சொல்லும். இது தனக்கு வரும் பயமே இல்லை, பிறருக்குத் தான் கேடு செய்துவிடுவோமோ என்ற பொறுப்பின் பாரம். மூன்றாவது பிள்ளை, ‘ஒண்ணும் ஆகாது, ஆனா பிசுபிசுன்னு அசிங்கமா இருக்கு, தாங்க முடியல’ என்று சொல்லும். அங்கே வேலை செய்வது பயமில்லை, அருவருப்பு. அருவருப்பு பயத்தைவிட மெதுவாகத்தான் குறையும். நான்காவது பிள்ளைக்கு நோயைப் பற்றிக் கவலையே இல்லை, வாந்தி எடுப்பது ஒன்றுதான் பயம். நால்வரும் ஒரே மாதிரிக் கழுவுகிறார்கள், ஆனால் நால்வருக்கும் பயிற்சி ஒன்றில்லை. பாப்பாவை நினைத்துப் பயப்படும் பிள்ளையைத் தன் சட்டையைத் தொடச் சொல்லி ஒரு பயனும் இல்லை. பாப்பாவின் பொம்மையைத் தொட வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நேற்றுவரை எந்தச் சிக்கலும் இல்லாத பிள்ளைக்கு ஓரிரு நாளில் திடீரென்று உச்சத்தில் இது தொடங்கினால், கூடவே கையெழுத்து கெடுவது, படுக்கையில் சிறுநீர் போவது, சாப்பிட மறுப்பது, முகம் வெட்டி இழுப்பது போன்றவை இருந்தால், முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து இப்படி வருவதைப் பற்றி 1998-இல் சூசன் ஸ்வீடோ குழுவினர் எழுதியதிலிருந்து மருத்துவர்கள் இதைத் தனியாகப் பார்க்கிறார்கள். அரிதுதான். ஆனால் வேகம்தான் அதன் அடையாளம், அதைத் தவறவிடக் கூடாது.

இனி வீட்டுக்கு வருவோம். ஒரு வாரம் எதையும் மாற்றாமல் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: பிள்ளையின் பயத்துக்காக நீங்கள் என்னென்ன செய்கிறீர்கள்? கதவு திறந்துவிடுவது, தனித் துண்டு வைப்பது, உங்கள் கையையும் அவன் சொன்னபடி கழுவிக் காட்டுவது, கேள்விக்குப் பதில் சொல்வது, தும்மினவரை அறையிலிருந்து அனுப்புவது. பெரும்பாலான வீடுகளில் இந்தப் பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டும், எழுதுகிறவர்களுக்கே திகைப்பாக இருக்கும். இதில் யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளை துடிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க யாருக்கு மனசு வரும்? ஆனால் நோய்க்கு இந்த உதவிதான் தீனி. யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் உருவாக்கிய முறையில் பிள்ளையைச் சிகிச்சைக்கே அழைப்பதில்லை, பெற்றோருக்கு மட்டும்தான் பயிற்சி. பதற்ற நோய் உள்ள பிள்ளைகளிடம் செய்து 2020-இல் வெளிவந்த ஆய்வில், பிள்ளைக்கே நேரடியாகச் சிகிச்சை தந்ததற்கு இது சளைக்கவில்லை. பிள்ளை ஒத்துழைக்க மறுக்கும் வீடுகளுக்கு இது பெரிய ஆறுதல்.

பட்டியலிலிருந்து ஒன்றே ஒன்றை எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் வீடு இரண்டு நாளில் போர்க்களமாகும், மூன்றாம் நாள் எல்லோரும் பழைய வழிக்கே திரும்பியிருப்பார்கள். நாளுக்கு நாள் திரும்பத் திரும்ப வருவதாகவும், உங்கள் கட்டுப்பாட்டில் முழுமையாக இருப்பதாகவும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளை கழுவுவதை உங்களால் நிறுத்த முடியாது, கையைப் பிடித்து இழுத்தால் அடிதடிதான். உங்கள் வாயை நீங்கள் நிறுத்த முடியும். அதனால் கேள்வி-பதிலில் தொடங்குவது பெரும்பாலும் சரியாக வரும்.

முன்கூட்டியே, சண்டை இல்லாத நேரத்தில், வீட்டில் பதில் சொல்லக்கூடிய பெரியவர்கள் எல்லோரும் இருக்கும்போது சொல்லிவிடுங்கள். அப்பா நிறுத்தி, பாட்டி சொல்லிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது, கேள்வி பாட்டி பக்கம் போய்விடும், அவ்வளவுதான். சொல்ல வேண்டியது சுருக்கமாக இருக்கட்டும்: “உன் பயம் எவ்வளவு கஷ்டம்னு எங்களுக்குத் தெரியுது. நாங்க பதில் சொல்லச் சொல்ல அது பெரிசாகுதுன்னும் தெரிஞ்சுகிட்டோம். திங்கக்கிழமையிலேருந்து கிருமி பத்தின கேள்விக்கு ஒரு தடவைதான் பதில். அதுக்கப்புறம் சொல்ல மாட்டோம். கோபத்துல இல்ல, உன்னால முடியும்னு தெரிஞ்சதால.” அந்த நேரம் வரும்போது சொல்ல ஒரு வாக்கியம் போதும்: “இது ஓசிடி கேட்கிற கேள்வி. உனக்கு இப்ப கஷ்டமா இருக்கு, ஆனா நீ தாங்கிக்குவ.” கஷ்டத்தை ஒப்புக்கொள்வது ஒரு பாதி, நம்பிக்கை மறுபாதி. ஒன்றை மட்டும் சொன்னால் வேலை செய்யாது. முதல் பாதி மட்டும் என்றால் அது பரிதாபம், இரண்டாம் பாதி மட்டும் என்றால் அதட்டல். இதையும் ஒரே குரலில் இருபது முறை சொன்னால், அந்த வாக்கியமே புதுச் சடங்காகிவிடும். அம்மா அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டாள், அப்படியென்றால் ஆபத்தில்லை என்று பிள்ளை கணக்குப் போட்டுக்கொள்ளும். இரண்டாம் முறைக்கு மேல் பேச்சு வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும்.

சிறு பிள்ளைகளுக்குச் சீட்டு முறை நன்றாக வரும். காலையில் பத்துச் சீட்டு. ஒரு கேள்விக்கு ஒரு சீட்டு கொடுக்க வேண்டும். தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். மிஞ்சிய சீட்டுக்கு ராத்திரி ஒரு சின்னப் பரிசு, கூட ஒரு கதை, விளையாட்டு நேரம், இப்படி ஏதாவது. மூன்று நாளுக்கொரு முறை ஒரு சீட்டைக் குறைக்கலாம். கேட்கலாமா வேண்டாமா என்று பிள்ளை முதன்முறையாக யோசிப்பதை இந்தச் சீட்டில் பார்க்கலாம். அந்த யோசனைக்கு எடுக்கும் சில விநாடிதான் நாம் எதிர்பார்த்தது.

முதல் சில நாள் கேள்வி குறையாது, கூடும். அழுகை, கத்தல், ‘உனக்கு என் மேல பாசமே இல்ல’ எல்லாம் வரும். இது சரியான பாதையில் போவதன் அறிகுறி. இங்கே எல்லோரும் செய்யும் பிழை, நாற்பது நிமிடம் தாக்குப்பிடித்துவிட்டு நாற்பத்தோராவது நிமிடத்தில் ‘ஒண்ணும் ஆகாது, போதுமா!’ என்று சொல்லிவிடுவது. பிள்ளை கற்றுக்கொள்வது: நாற்பத்தோரு நிமிடம் கேட்டால் பதில் கிடைக்கும். அதைவிட முதல் நிமிடத்திலேயே சொல்லியிருக்கலாம். தாங்க முடியாது என்று தெரிந்த நாளில், பரீட்சைக்கு முந்தைய ராத்திரி மாதிரி, தொடங்காமலே இருப்பது உத்தமம்.

அடுத்தது பிள்ளையின் பங்கு. பயப்படும் பொருளை வேண்டுமென்றே தொட்டு, சடங்கைச் செய்யாமல் இருப்பதுதான் இந்த நோய்க்கு உரிய சிகிச்சை. ஈஆர்பி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966-இல் இரண்டு நோயாளிகளிடம் செய்து காட்டியதிலிருந்து வளர்ந்தது இது. முடிந்தால் இதில் பயிற்சி பெற்ற சிகிச்சையாளரோடு செய்யுங்கள். வெறுமனே ‘கவுன்சலிங்’ என்று பேசிக்கொண்டே இருப்பவரிடம் மாதக்கணக்கில் போய்வருவதில் பலன் குறைவு. “பயப்படுற பொருளைத் தொட வச்சுப் பயிற்சி கொடுப்பீங்களா? வீட்டுக்கு வேலை கொடுப்பீங்களா?” என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடலாம். மூச்சுப் பயிற்சி மட்டும்தான் தருவேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

பயத்துக்கு 0 முதல் 10 வரை ஒரு வெப்பமானி வரைந்து, பிள்ளையே ஏணி போட வேண்டும். பள்ளிப் பையை ‘அழுக்கு’ என்று ஒதுக்கி வைத்திருக்கும் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பை அறைக்குள் இருப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது 2. வாரை ஒரு விரலால் தொடுவது 3. முழு உள்ளங்கையால் பிடிப்பது 4. படிக்கும் நாற்காலியில் பையை வைப்பது 5. பையைத் தொட்ட கையால் சட்டையையும் தலைமுடியையும் தொடுவது 6. படுக்கை மேல் பையை வைப்பது 7. பையைத் தொட்ட கையால் தலையணையைத் தடவி அதிலேயே தூங்குவது 8. தொட்ட கையாலேயே ஒரு பிஸ்கட் எடுத்துத் தின்பது 9. கடைசிப் படி சிலருக்கு நெருடும். ஆனால் அதே வயதுப் பிள்ளைகள் வகுப்பில் தினமும் செய்வதுதான் அது. ஏணியின் உச்சி மற்றப் பிள்ளைகள் யோசிக்காமல் செய்யும் காரியமாக இருக்கட்டும், சாகசமாக வேண்டாம். எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளை என்றால் மட்டும் ஏணியை அதன் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

3 அல்லது 4-இல் தொடங்க வேண்டும். ஒரு பயிற்சி இப்படிப் போகும். தொடுவதற்கு முன் பிள்ளை எழுதுகிறது: ‘நாளை காலைக்குள் வாந்தி வரும். 80 சதவீதம் நிச்சயம்.’ பிறகு முழு உள்ளங்கையால் பையைப் பிடிக்கிறது. பயம் எவ்வளவு? ஏணியில் போட்ட 4 இல்லை, 6. நாலாவது நிமிடத்தில் கை தானாகக் கால்சட்டையில் துடைத்துக்கொள்கிறது. இதைத்தான் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டும், ஆனால் திட்டக் கூடாது. “துடைச்சுட்ட, பரவால்ல, இன்னொரு தடவை பிடி” என்றால் போதும். சடங்கு செய்துவிட்டால் மறுபடி தொட்டு அதைக் கெடுத்துவிடுவது, இவ்வளவுதான் விதி. பத்தாவது நிமிடம் 7. கூடுகிறதே என்று பதற வேண்டாம். இருபத்தைந்தாவது நிமிடம் 4. சில நாள் குறையவே குறையாது, அதுவும் தோல்வி இல்லை. பயத்தோடே கழுவாமல் இருக்க முடிந்ததுதான் பாடம். அந்தக் கையோடு விளையாடலாம், எழுதலாம். இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கழுவும்போது ஒரு முறை கழுவலாம். மறுநாள் காலை அந்தத் தாளை எடுத்து, ‘வந்துதா?’ என்று பார்க்கிறோம். நாம் பேச வேண்டாம், தாள் பேசட்டும். பாதியில், பயம் உச்சியில் இருக்கும்போது விட்டுவிட்டால், ‘ஓடினதால தப்பிச்சேன்’ என்றுதான் மனசு எழுதிக்கொள்ளும். அதனால் பெரிய படியில் தொடங்கித் தோற்பதைவிடச் சின்னப் படியை முடிப்பது மேல்.

வாரத்தில் ஐந்து நாளாவது, நாளுக்கு அரை மணி முதல் ஒரு மணி. அதே படியை வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு நேரத்தில் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ‘சாயந்தரம், அம்மா பக்கத்துல இருந்தா மட்டும் பை பரவாயில்ல’ என்று பயம் தனக்கொரு பொந்து வைத்துக்கொள்ளும். பயிற்சி நேரத்தில் கதை பேசி மனசைத் திருப்பாதீர்கள். ‘ஒண்ணும் ஆகாது’ என்று ஊக்கப்படுத்தாதீர்கள், அது பின்வாசல் வழியாக வரும் அதே பழைய பதில். “வாந்தி வரலாம், வராமலும் போகலாம், பார்ப்போம்” என்பதுதான் சரியான பேச்சு. பரிசு தொட்டதற்குத்தான், பயப்படாமல் இருந்ததற்கு இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் பையைப் பிள்ளையின் மடியில் போடுவது, தண்டனையாகத் தொடச் செய்வது இரண்டும் பயிற்சியே இல்லை. அதன்பிறகு பிள்ளை உங்களை நம்பாது.

கழுவுவதற்கும் விதி வேண்டும், இல்லாவிட்டால் ‘எப்போ போதும்’ என்பதை நோய் முடிவு செய்யும். கழிவறைக்குப் போன பிறகு, சாப்பிடுவதற்கு முன், கண்ணுக்குத் தெரியும் அழுக்கு பட்டால், விலங்குகளைத் தொட்டால், மூக்கைச் சிந்தினால். சோப்பு ஒரு அழுத்து, 20 விநாடி, ஒரே முறை. வீட்டுக்குள் சானிடைசர் வேண்டாம். இருபது நிமிடத்திலிருந்து நேரே இருபது விநாடிக்கு இறங்க முடியாது. பதினைந்து நிமிடம், பத்து, ஐந்து, இரண்டு என்று சில நாளுக்கொரு படியாக இறக்கலாம். அதோடு, கழுவத் தோன்றியதும் ஐந்து நிமிடம் தள்ளிப்போடுவது, பிறகு பத்து, பிறகு இருபது. நீங்கள் வெளியே நின்று எண்ணாதீர்கள், அதுவும் சடங்கில் சேர்ந்துவிடும். இதில் ஒரு குறும்பும் உண்டு: சில பிள்ளைகள் அந்த 20-ஐயே பிடித்துக்கொள்வார்கள், 19 என்றால் மறுபடி முதலிலிருந்து. அப்போது வேண்டுமென்றே கடிகாரம் இல்லாமல், ஒரு விரலை விட்டுவிட்டு, அரைகுறையாகக் கழுவுவதே அன்றைய பயிற்சி. வெடித்த கைக்கு மணமில்லாத களிம்பு தடவுவது நல்லது. ‘பிசுபிசுப்பு’ என்று அதற்கும் மறுப்பு வந்தால் அதையும் ஏணியில் சேர்த்துவிடுங்கள்.

துப்புரவு ரசாயனத்தைக் கையில் ஊற்றிக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிளீச்சும் அமிலம் கலந்த கழிவறைத் திரவமும் ஒன்று சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. இப்படி ஒரு சந்தேகம் இருந்தாலே புட்டிகளைப் பூட்டி வையுங்கள். இதில் பயிற்சி, படி எதுவும் கிடையாது. சாப்பாடு, தண்ணீரை மறுத்து எடை இறங்கினாலும், ‘இதுக்குச் செத்துடலாம்’ என்ற பேச்சு வந்தாலும் அப்படித்தான், அன்றே மருத்துவர்.

பதின்ம வயதினரிடம் சீட்டும் பரிசும் எடுபடாது. சொல்லவே வெட்கப்படுவார்கள், தங்கள் எண்ணம் அபத்தம் என்று பலருக்கும் தெரியும், தெரிந்தும் நிறுத்த முடியாததுதான் வெட்கமே. அவர்களிடம் வாதாடி ஜெயிக்க முயலாதீர்கள், கிருமியைப் பற்றி உங்களைவிட அவர்கள் அதிகம் படித்திருப்பார்கள். ‘இதனால நீ எதையெல்லாம் விட்டுட்ட?’ என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கிரிக்கெட்டோ, தோழி வீட்டில் தங்குவதோ, எதை விட்டார்களோ அதுவே ஏணிக்குத் தலைப்பு. ஏணியை அவர்களே போடட்டும், நீங்கள் பார்க்கக்கூட வேண்டாம். நோய்களைத் தேடிப் படிப்பதும் கழுவுவதைப் போன்ற சடங்குதான். முதலில் தேடலை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவது, பிறகு நாளுக்கு ஒன்று, பிறகு நிறுத்துவது. இந்த வயதில் மனசுக்குள்ளேயே நடக்கும் சடங்குகளும் கூடும்: யாரை எப்போது தொட்டோம் என்று திரும்ப ஓட்டிப் பார்ப்பது, ‘நல்ல’ சொல்லைச் சொல்லிக் ‘கெட்ட’ எண்ணத்தை அழிப்பது. வெளியே ஒன்றும் தெரியாது. பயிற்சி நன்றாக நடக்கிறது, ஆனால் பயம் வாரக்கணக்கில் அசையவில்லை என்றால், ‘உள்ளுக்குள்ள ஏதாவது செய்யுறியா?’ என்று கேட்க வேண்டும்.

பள்ளியில் ஒரே ஒரு ஆசிரியருக்காவது விஷயம் தெரிந்திருந்தால் நல்லது. ‘எப்ப வேணும்னாலும் போய்க் கை கழுவிக்கோ’ என்று அனுமதிப்பது கருணை போலத் தெரியும், நோய்க்கு அது விருந்து. நாளுக்கு இத்தனை முறை என்று தொடங்கி, சிகிச்சை போகும் வேகத்தில் குறைத்துக்கொண்டு வர வேண்டும்.

மாத்திரை வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். 7 முதல் 17 வயதுவரையான 112 பேரிடம் அமெரிக்காவில் 12 வாரம் நடத்திய ஆய்வு 2004-இல் வெளிவந்தது. நோய் ஏறக்குறைய நீங்கும் நிலைக்கு வந்தவர்கள், பயிற்சியும் செர்ட்ரலின் மாத்திரையும் சேர்ந்து பெற்றவர்களில் 53.6 சதவீதம், பயிற்சி மட்டும் 39.3, மாத்திரை மட்டும் 21.4, வெற்று மாத்திரை 3.6. அதனால் லேசான, நடுத்தர நிலைக்குப் பயிற்சியில் தொடங்கி, பயிற்சியில் உட்காரவே முடியாத அளவு முற்றியிருந்தால் இரண்டையும் சேர்ப்பதுதான் என் பார்வையில் நியாயம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த நோய்க்குச் செர்ட்ரலினை 6 வயதிலிருந்தும், ஃபுளூவாக்ஸெட்டினை 7-இலிருந்தும், ஃபுளூவோக்ஸமினை 8-இலிருந்தும் அனுமதித்திருக்கிறது. முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும், இரண்டாம் வாரமே ‘வேலை செய்யல’ என்று நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. முதல் வாரங்களில் படபடப்பு, தூக்கமின்மை, தற்கொலை எண்ணம் வருகிறதா என்று கண்காணிக்க வேண்டும். நிறுத்துவதானாலும் மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு நாள் வீட்டில் யாருக்காவது நிஜமாகவே வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். பல மாத உழைப்பு ஆட்டம் காண்பது அங்கேதான். அதற்கான விதியையும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். நோயுற்றவருக்கு முடிந்தால் தனிக் கழிவறை, கழுவுவது சோப்பும் தண்ணீரும் கொண்டு. இந்த மாதிரி வாந்தி நோயைப் பெரும்பாலும் பரப்பும் நோரோவைரஸை ஆல்கஹால் சானிடைசர் சரியாகக் கொல்வதில்லை, எனவே இந்தச் சாக்கில் அந்தப் புட்டி திரும்ப வர வேண்டியதில்லை. கழுவும் விதியில் ஒன்றே ஒன்று கூடும்: நோயுற்றவரைக் கவனித்த பிறகு ஒரு முறை, அதே 20 விநாடி. கடைசி வாந்தி நின்று 48 மணி நேரம் ஆனதும் இந்தக் கூடுதல் விதி முடிகிறது. முடியும் நாளையும் மணியையும் அந்தத் தாளிலேயே எழுதி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். நேரம் வந்ததும் பிள்ளையின் கையாலேயே கிழித்துப் போடச் சொல்லுங்கள்.